அறிவு யாருடைய காணி?
ஆதிக்குடி மக்களின் ஆராய்ச்சியும் கலாநிதிப் பட்டமும்

(படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துருவம்.)



சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு, உடற்களைப்பையும் பாராது இத்துணைப் பேர் திரண்டிருக்கிறீர்கள். "உயர்கல்வியின் பயன்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதனை நான் சற்றே திருப்பிக்கொள்ளப் போகின்றேன். சபையினர் பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் என்னிடம் முன்னாளிற் கல்வி கற்ற பெண்பிள்ளை ஒருத்தி ஒரு கடிதத்தோடு என் இல்லத்திற்கு வந்தாள். முதுமாணிப் பட்டம் பெற்றவள். வெளிநாடு சென்று கலாநிதிப் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்ய விரும்புகின்றாள். வாகரைப் பகுதியிலே வாழ்கின்ற, தமிழ் பேசும் கரையோர வேடரின் சடங்குகளே அவள் எடுத்துக்கொண்ட பொருள். "ஐயா, நீங்கள் ஒரு சிபார்சுக் கடிதம் தந்தாற் போதும்" என்றாள். நான் உடனே கையெழுத்திடவில்லை. அவள் முகம் வாடிப்போயிற்று. ஏன் தயங்கினேன் என்பதை அவளுக்கு அன்று என்னாற் சரிவரச் சொல்ல முடியவில்லை. அவள் இன்று இச்சபையில் இருக்கின்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லிவிடுகின்றேன்.

முதலில், கலாநிதிப் பட்டம் என்பது யாது? நெல் விளைவிப்போருக்கு அது தொலைவிலுள்ள சங்கதியாகத் தோன்றலாம். வகுப்பிலிருந்து பாடங்கேட்டுப் பெறும் பட்டம் அன்று அது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு ஆண்டுகள் அதனோடு மல்லாடி, பெரியதோர் ஆய்வேடு எழுத வேண்டும். பரீட்சகர்கள் அதனைப் படிப்பர்; பின் நேரில் இருத்தி வினாவுவர். அறிவுலகிற்குப் புதிதாக ஒன்றைத் தந்திருக்க வேண்டும் என்பதே அதன் தலையாய நிபந்தனை.

புதிது என்கின்றோமே, யாருக்குப் புதிது? உங்கள் பாட்டனார் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து விதைப்பு நாளைச் சொல்வார். அதனை ஒருவர் வந்து கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி, பட்டம் பெற்றுச் செல்கின்றார். அவருடைய பல்கலைக்கழகத்திற்கு அது புதிது. பாட்டனாருக்கோ அது பழையது. பட்டத்திலே பாட்டனாரின் பெயர் இராது. இந்தச் சிறு முரண்பாட்டை உலகின் ஆதிக்குடி மக்கள் நூறாண்டுக்கு மேலாகத் தம் தலையிற் சுமந்து வந்திருக்கின்றனர். அதனை நிமிர்த்தி வைக்க முனைந்தவர்களுள் முன்னணியில் நிற்போர் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். அவர்களைப் பற்றியே இன்று பேசப்போகின்றேன்.

மகேரெத்தியின் கதை

1873ஆம் ஆண்டில் மாவோரித் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்த பெண் மகேரெத்தி. வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பேர்போன வகாரேவாரேவாக் கிராமத்தில், வெளிநாட்டார்க்கு வழிகாட்டியாக இருந்து புகழ் பெற்றவர். பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடியவர் 1901இல் அங்கு வந்தபோது வழிகாட்டியவரும் அவரே. பின்பு ஆங்கிலேயர் ஒருவரை மணந்து இங்கிலாந்திற் குடியேறினார். 1920களில், ஐம்பது வயதை அண்மிய அப்பெண்மணி ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கப் புகுந்தார். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920இல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அதுவரை மாவோரி மக்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். பாதிரியார்கள், நில அளவையாளர்கள், அரசாங்க உத்தியோகத்தர்கள் எழுதினார்கள். மகேரெத்தியோ தாம் உண்ட உணவையும், தாம் வளர்ந்த வீட்டையும், தம் குலத்தில் நடந்த திருமணத்தையும், பிள்ளை வளர்ப்பையும் தாமே எழுதினார். ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரமே இருந்த வேளையில், 1930ஆம் ஆண்டில் அவர் திடீரெனக் காலமானார்.

அவருடைய நண்பரும் உடன் பயின்றவருமான பெனிமன் என்பார், குடும்பத்தாருடையவும் ஊராருடையவும் சம்மதம் பெற்று, 1938இல் அதனை நூலாக வெளியிட்டார். இறந்துபோன ஓர் எழுத்தாளரின் நூலுக்கு, கடல் கடந்து கிடக்கும் ஒரு கிராமத்தின் சம்மதம் பெறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அக்காலத்து மானிடவியலாளர் எத்தனை பேர் அவ்வாறு செய்தார்கள்?

அவருக்குரிய பட்டம் 2025ஆம் ஆண்டிலேதான் வழங்கப்பட்டது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அவ்வாண்டு செப்டெம்பரில், மறைவுக்குப் பிந்திய கௌரவமாக, மானிடவியலில் மெய்யியல் முதுமாணிப் பட்டத்தை அவருக்கு அளித்தது. தொண்ணூற்றைந்து ஆண்டுத் தாமதம்! அது கலாநிதிப் பட்டமன்று என்று நுணுக்கம் பேசுவோர் பேசட்டும். ஒரு குலத்தின் மகள் தன் குலத்தைப் பற்றித் தானே எழுதி, அதனைப் பல்கலைக்கழகத்தின் முன் வைத்த அந்தச் செயலையே நான் பெரிதாகக் கருதுகின்றேன்.

அவருக்கு முன்னோடிகளும் இருந்தனர். அபிரானா ங்காட்டா 1893இல் நியூசிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரி. தே ராங்கி ஹிரோவா என்னும் வைத்தியர், மாவோரி மக்களின் பண்டை வைத்தியத்தையும் இன்றைய வைத்தியத்தையும் ஆராய்ந்து 1910இல் உயர் வைத்தியப் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதினார். மஹாராயா வினியாட்டா 1950களில் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். எடின்பரோ என்ற பெயரை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன். இவர்கள் ஒவ்வொருவரும் தனிமரமாக நின்றவர்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

பள்ளத்தாக்கின் இரத்தம்

இங்குள்ள வைத்தியர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்கின்றேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் மலைப்பிளவின் அடியில் ஹவசுப்பாய் என்ற சிறுகுடியினர் வாழ்கின்றனர். அவர்களிடையே நீரிழிவு நோய் மிகுந்திருந்தது. 1990ஆம் ஆண்டு தொடக்கம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அவர்களிடம் இரத்தம் பெற்றனர். தம் நோய்க்கு மருந்து பிறக்கும் என்று நம்பி அம்மக்கள் கை நீட்டினர்.

2003இல் அக்குடியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரின் கலாநிதிப் பட்ட ஆய்வுரையைக் கேட்கச் சென்றிருந்தார். கேட்கக் கேட்க, அங்கு பேசப்படுவது தம் இனத்தாரின் இரத்தத்தைப் பற்றியே என்பது அவருக்குப் புலனாயிற்று. நீரிழிவுக்கும் அந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை. அவர் எழுந்து, "இதற்கு எங்கள் அனுமதி பெற்றீர்களா?" என்ற கருத்துப்பட ஒரு வினாவை விடுத்தார். ஆய்வுரை அத்தோடு நின்றது. பின்னர் விசாரித்தபோது, மனநோய், உறவுக்குள் மணத்தல், முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பன போன்ற வேறு ஆராய்ச்சிகளுக்கும் அந்த இரத்தம் பயன்பட்டமை வெளிவந்தது. ஆதியிலிருந்து தாம் அந்தப் பள்ளத்தாக்கின் மக்களே என்பது அவர்களின் நம்பிக்கை. அவர்கள் கொடுத்த இரத்தத்தைக் கொண்டே அந்நம்பிக்கையை மறுத்து எழுதினார்கள். வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு இலட்சம் டொலர் கொடுத்து, எஞ்சிய இரத்தத்தையும் திருப்பியளித்தது.

அந்த மாணவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். குளிர்ப்பெட்டியில் இரத்தம் இருந்தது, மேற்பார்வையாளர் எடுத்துக் கொடுத்தார், அவர் பரிசோதித்தார். அவருக்குப் பல பரீட்சகர்கள் இருந்தனர். அந்தப் பெண்மணி கேட்ட கேள்வியை அவர்களில் எவரும் கேட்கவில்லை.

கிழங்கின் பயணம்

கமக்காரர்களே, இனி உங்கள் பக்கம் வருகின்றேன். மாவோரி மக்கள் தம் தோணிகளிற் கொண்டுவந்து பயிரிட்ட கிழங்கு கூமரா. நம் ஊர் வற்றாளையின் இனந்தான். டக்ளஸ் யென் என்ற ஆராய்ச்சியாளர் அதன் வகைகளைப் பசிபிக் தீவெங்கும் தேடிச் சேகரித்தார். அவர் எழுதிய நூல் 1974இல் வெளிவந்தது. சிறந்த நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் சேகரித்த கிழங்கு வகைகள் நாட்டை விட்டே ஜப்பானுக்கு அனுப்பப்பட்டன. மாவோரித் தோட்டங்களிலோ புதிய வகைகள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 1988இல் டெல் விஹொங்கி என்ற மாவோரிப் பெண்மணியும் அவரோடு சென்றோரும் ஜப்பானிலிருந்து பண்டைய வகைகளை மீட்டு வந்தனர். தம் பாட்டியார் நட்ட கிழங்கை அயல்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் வாயிலில் நின்று கேட்டுப் பெறவேண்டிய நிலை! நமது மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1991இல், நாட்டின் செடிகொடிகள் மீதும் அவை பற்றிய அறிவின் மீதும் மாவோரி மக்களுக்குள்ள உரிமையை நிலைநாட்டும்படி ஆறு பேர் வைட்டாங்கி நியாயசபையில் முறையிட்டனர். 1840இல் பிரித்தானிய முடியோடு செய்த ஒப்பந்தத்தின் பேரில் எழும் வழக்குகளை விசாரிக்கும் சபை அது. அறிக்கை வந்தது 2011இல். இருபது ஆண்டுகள்! முறையிட்டோரிற் பெரும்பாலோர் அதற்கு முன்பே மறைந்துவிட்டனர். காணி வழக்குப் பேசிப் பழகிய நம்மவருக்கு இது வியப்பாயிராது.

இத்தகைய வழக்குகளுக்குச் சான்று வேண்டும். சான்று தேட ஆராய்ச்சியாளர் வேண்டும். அவர்கள் நம்மவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் மாவோரி மக்களிடையே வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்நூறு கலாநிதிகள்

1999இல் லிண்டா துஹிவாய் ஸ்மித் என்ற மாவோரிப் பேராசிரியை ஒரு நூல் எழுதினார். ஆராய்ச்சி முறைகளைக் குடியேற்ற ஆதிக்கத்தினின்று விடுவிப்பது பற்றிய நூல் அது. ஆராய்ச்சி என்ற சொல்லே ஆதிக்குடி மக்களின் செவிக்கு அருவருப்பாகிவிட்டது என்று அவர் தொடங்குகின்றார். அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் புலம்பலாக முடிந்திருக்கும். உரிமை கோருதல், நினைவுகூர்தல், பெயரிடுதல், திருப்பிக் கொடுத்தல், பகிர்தல் என இருபத்தைந்து வகை வேலைகளை அவர் எடுத்துக்காட்டினார். ஆராய்ச்சியை விட்டொழியுங்கள் என்று சொல்லாமல், நீங்களே அதனைக் கைக்கொள்ளுங்கள் என்றார்.

அவருடைய கணவர் கிரகாம் ஸ்மித் என்ற பேராசிரியர் கணக்குப் போட்டார். ஐந்து ஆண்டுகளுக்குள் ஐந்நூறு மாவோரியர் கலாநிதிப் பட்டம் பெற்றோராகவோ அதற்குப் பயில்வோராகவோ இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கு. சிரித்தவர்கள் பலர். 2002இல் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மாவோரி ஆராய்ச்சி உன்னத நிலையம் தோன்றியதும், அத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. இலக்கும் எட்டப்பட்டது.

எப்படி எட்டினார்கள் என்பதுதான் படிக்கத் தக்கது. பண உதவி ஒரு பகுதிதான். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர், இன்னொன்றில் இருவர் என்று சிதறிக் கிடந்த மாணவரை ஒன்றுகூட்டினார்கள். மாதந்தோறும் சந்தித்தார்கள், சில நாட்கள் ஓரிடத்திற் கூடியிருந்து எழுதினார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள். நம்மூரிற் கூட்டுக்கை போட்டு வேலை செய்வது போன்றதே அது.

இத்தகைய மாணவர் எழுதும் பரீட்சை ஒன்றன்று, இரண்டு. பல்கலைக்கழகப் பரீட்சை ஒருநாளில் முடிந்துவிடும். குலத்தாரின் பரீட்சைக்கு முடிவில்லை. "தெரிந்த முகம்" என்ற கருத்து அவர்களிடத்தில் உண்டு. நீ உன் முகத்தைக் காட்ட வேண்டும். சாவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் வரவேண்டும். அடுப்படியில் பாத்திரம் கழுவ வேண்டும். கடிதம் அனுப்பிக் கையொப்பம் வாங்கினால் மட்டும் அனுமதி கிடைத்ததாகாது. தனியொருவர் கையெழுத்திடலாம், ஆனால் குலவரலாறு தனியொருவருடைய சொத்தன்று. முதியவர் ஒருவர் சொல்லிவிட்டு, "இதை எழுதாதே" என்றும் சொல்லக்கூடும். அப்போது ஆய்வேட்டின் ஆகச் சிறந்த அத்தியாயம் எழுதப்படாமலே போகும். பட்டத்திற்கு அது நட்டம். மாணவி அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே வழக்கறிஞர் ஒருவர் தலையசைப்பதைக் காண்கின்றேன். "தன் இனத்தைத் தானே ஆராய்ந்தால் பக்கச்சார்பு வராதா?" என்பது அவர் கேள்வியாக இருக்கும். வரும். வெளியிலிருந்து வந்தவருக்கும் பக்கச்சார்பு இருந்தது. அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவே. ஆயினும் உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஊர்ப் பெரியவர் சொல்வதெல்லாம் உண்மையென்று எழுதுவது ஆராய்ச்சியாகாது. ஒரு குலத்துக்குள்ளும் மேலோர் கீழோர் உண்டு. பேச அனுமதிக்கப்படாத பெண்கள் உண்டு. தன் மாமியின் பேச்சை மறுத்து எழுதத் துணிவில்லாதவள் பட்டம் பெறாதிருப்பதே நன்று. இரண்டு பரீட்சைகள் என்றேனே, அவை சில வேளைகளில் ஒன்றோடொன்று மோதும். அப்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு எந்த நூலிலும் விடை இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களில் இன்று மாவோரி மொழியிலேயே கலாநிதி ஆய்வேடு எழுதலாம். கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் 2010இல் மிக்மாக் மொழியில் எழுதிய ஆய்வேடு ஏற்கப்பட்டது. பெரு நாட்டில் 1551இல் நிறுவப்பட்ட சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில், 2019ஆம் ஆண்டில் ரொக்சானா கிஸ்பே என்ற பெண்மணி குவெச்சுவா மொழியில் ஆய்வேடு எழுதி, அம்மொழியிலேயே பரீட்சகர்க்கு விடையிறுத்தார். 468 ஆண்டு வரலாற்றில் அதுவே முதன்முறை. நம் பேராசிரியர் கைலாசபதி அவர்கள் நம்முடைய சங்கப் பாடல்களைப் பற்றிய கலாநிதி ஆய்வேட்டை பேர்மிங்காமில் ஆங்கிலத்திலேதான் எழுதினார் என்பதும் என் நினைவுக்கு வருகின்றது. உலகம் படிக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும். அந்த வேடுவ முதியவர் படிப்பதைக் கேட்க வேண்டுமென்றால்?

என் குறிப்பேடுகள்

நான் ஏன் கையெழுத்திடவில்லை என்பதற்கு இப்போது வருகின்றேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக வாகரைக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்திற்குச் சென்றேன். அவர் பெயர் இங்கு வேண்டாம், குற்றம் என்னுடையதே. வேடர் குலத்து முதியவர் ஒருவர் ஏழு இரவுகள் இருந்து சடங்குப் பாடல்களைச் சொன்னார். நான் இரண்டு குறிப்பேடுகளில் எழுதினேன். ஒலிநாடாவிலும் பதிவாயிற்று. "தம்பி, எழுதினதை எங்களுக்கும் ஒருக்காக் கொண்டுவந்து காட்டு" என்று அவர் கேட்டார். கட்டாயம் கொண்டுவருகின்றேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கட்டுரை அஞ்சலில் வந்தது. அடிக்குறிப்பில் எனக்கு நன்றி கூறப்பட்டிருந்தது. முதியவர் பெயர் எங்கும் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் பெயர் அச்சிலிருந்ததில் மகிழ்ந்து, பாடசாலையில் எல்லோருக்கும் காட்டினேன். அந்தக் கிராமத்துக்கு நான் திரும்பிப் போகவே இல்லை.

2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடிற்று. அடுத்து வந்த போரினால் அம்மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். அதன்பின் ஒருநாள் அந்த முதியவரின் பேரன் என்னைத் தேடி வந்தான். "அப்பப்பாவின் பாட்டுக்கள் உங்களிடம் இருக்கின்றனவாமே" என்று கேட்டான். என் குறிப்பேடுகளைக் கறையான் தின்று வெகுகாலமாயிற்று. ஒலிநாடா எந்த நாட்டில், எந்தப் பெட்டியில் கிடக்கின்றதோ! அந்தப் பிள்ளைக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன். அது ஒன்றே என்னாற் கொடுக்க முடிந்தது.

நம் நாட்டு வேடரைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட பெருநூலிலே கரையோர வேடருக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. எழுத்தோடு நில்லாது அவர்கள் முன்னோரின் எலும்புகளையும் கொண்டு சென்றார்கள் வேறு சிலர். 2019 நவம்பரில், வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ அவர்கள் எடின்பரோவுக்குச் சென்று, தம் முன்னோரின் ஒன்பது மண்டையோடுகளை அப்பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றுக்கொண்டார். மாவோரி மகன் ஒருவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்த அதே எடின்பரோதான். ஒரே கட்டடங்களுக்குள் ஒரு குடியின் மகன் கலாநிதியாக நின்றான்; இன்னொரு குடியின் மூதாதையர் இலக்கமிடப்பட்டு அலமாரியில் இருந்தனர்.

மகள், நீ வேடர் குலத்தவள் அல்லள். நீ அவர்களுடைய மொழியைப் பேசுகின்றாய். அதனாலேயே அவர்களுள் ஒருத்தி ஆகிவிட்டதாக எண்ணிவிடாதே. அந்த ஆராய்ச்சியாளர் கடல் கடந்து வந்தவர். நீ அறுபது மைல் கடந்து போகின்றாய். வித்தியாசம் அவ்வளவே. போகாதே என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை எனக்குக் கொண்டுவருமுன் அவர்களிடம் கொண்டு போயிருக்க வேண்டும் என்கின்றேன். சடங்கைப் பற்றி எழுத வேண்டும் என்பது உன் கேள்வி. அவர்களுடைய கேள்வி காணி உறுதியைப் பற்றியதாக இருக்கலாம், கரைவலைப் பாட்டைப் பற்றியதாக இருக்கலாம், பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியதாக இருக்கலாம். அவர்கள் கேள்வியை நீ எடுத்துக்கொள்வாயா? அந்தக் குலத்துப் பிள்ளை ஒன்று உன்னோடு கூடவிருந்து எழுதப் பழகி, நாளைக்கு உன் இடத்துக்கு வர, நீ இடம் விடுவாயா? உன் ஆய்வேட்டைத் தமிழிலும் எழுதி, அந்த முற்றத்தில் இருந்து வாசித்துக் காட்டுவாயா? அவர்கள் "இந்தப் பக்கத்தைக் கிழி" என்றால், கிழிப்பாயா?

இந்தக் கேள்விகளை நேற்று மாலை அவளிடம் சுருக்கமாகக் கேட்டேன். அவள் உடனே விடை சொல்லவில்லை. "ஐயா, அந்தப் பேரன் இப்போது எங்கே இருக்கின்றார்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் ஊரின் பெயரைச் சொன்னேன். வருகின்ற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் அங்கு போவதாக இருக்கின்றோம். ஒலிநாடாவைத் தேடி அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு நான் எழுதிய கடிதத்தையும் கொண்டு செல்கின்றேன்; பேரன் சம்மதித்து அவன் கையெழுத்தும் விழுந்த பின்னரே அது அஞ்சலிற் சேரும். அவளுடைய சிபார்சுக் கடிதம் என் மேசையில் அப்படியே இருக்கின்றது.